கூலன்ட் எதற்கு?

நான் நாமக்கல்காரன். லாரிகளின் ஊரில் பிறந்தவனுக்கு வண்டிச் சத்தம் அத்துப்படி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சி எடிசனில், எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டில் சனிக்கிழமைதோறும் நண்பர்கள் காரோடு வந்து நிற்பார்கள். ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் ஆக்சில் மூட்டு. பிரேக் மிதித்தால் கிரீச் என்றால் பேட் தேய்ந்துவிட்டது. பானட்டைத் திறக்காமலே சொல்லுவேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவனுக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் என் மனைவிக்குப் பரீட்சை. ஊரில் பி.ஃபார்ம் முடித்தவள் இங்கே பார்மசிஸ்ட் ஆக வேண்டுமென்றால் எழுதியே தீர வேண்டியது. பத்து மாதம் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்திருந்தாள். நியூவர்க் பரீட்சை மையத்தில் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆக, அவளுடைய பத்து மாத உழைப்பும் என் பழைய காரை நம்பி இருந்தது.

குளிருக்கு வண்டியைத் தயார் செய்வதில் நான் குறை வைக்கவில்லை. புது பேட்டரி, புது வைப்பர், பனி சுரண்டும் கட்டை, டிக்கியில் ஒரு போர்வை. கார் சாமான் கடையில் அவள் ஒரு கேனை எடுத்து லேபிளைப் படித்தாள். மருந்து படித்தவள், லேபிள் படிக்காமல் எதையும் கீழே வைக்க மாட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கூலன்ட் வாங்கலீங்களா?"

"ஊரே ஐஸ்பெட்டியாட்டம் கெடக்குது. இதுல எஞ்சினை இன்னும் கூல் பண்ணோணுமா?"

"இல்லீங்க, உறையாம இருக்கறதுக்கும் இதுதான்னு போட்டிருக்குதுங்க. நாம ரேடியேட்டர்ல வெறும் தண்ணிதானுங்களே ஊத்தறோம்?"

உண்மைதான். கோடையிலிருந்தே ரேடியேட்டர் கசிந்தது. எங்கள் ஊர் லாரி கிளீனர்கள் செய்வதுபோல வாரா வாரம் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"லாரிக்காரங்க ஊர்ல பொறந்தவனுக்கே பாடமா? நீ போயி உம்பட பரீட்சைக்குப் படி" என்று கேனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பரீட்சை நாள் காலையில் சாவியைத் திருப்பியதும் பானட்டுக்குள்ளிருந்து வீல் என்று ஓர் அலறல். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"பெல்ட்டு" என்றேன். "குளுருக்கு வெறச்சுக் கெடக்குது. ஓட ஓடச் சரியாயிரும்."

கத்தியது பெல்ட்தான். எதனால் கத்துகிறது என்று நான் யோசிக்கவில்லை.

பத்து நிமிடம் ஓடியும் அலறல் நிற்கவில்லை. "ஹீட்டர்ல குளுந்த காத்துதான் வருதுங்க" என்றாள். "சித்த பொறு" என்று எரிந்து விழுந்தேன். மணி ஏழு பத்து. அப்போதுதான் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறுவதைக் கவனித்தேன். வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது, எஞ்சின் மட்டும் கொதிக்கிறது. தண்ணீர் உள்ளே ஐஸாக இறுகி, பம்ப் சுற்ற முடியாமல் நின்று, அதன்மேல் உரசித்தான் பெல்ட் கத்தியிருக்கிறது. அவள் படித்துச் சொன்ன லேபிள் எனக்கு அப்போது புரிந்தது.

முள் சிவப்பைத் தொட்டதும் ஓரம் கட்டினேன். பானட்டிலிருந்து புகை. செல்போன் இல்லாத காலம். ஒரு மைல் தள்ளியிருந்த பெட்ரோல் பங்க்குக்கு வழுக்கி வழுக்கி ஓடி, டாக்ஸிக்குப் போன் செய்து, அதில் ஏறித் திரும்பி வந்தபோது மணி எட்டாகப் பத்து நிமிடம். அவள் ஹால் டிக்கெட்டையும் இரண்டு பென்சில்களையும் மார்போடு அணைத்தபடி காருக்கு வெளியே நின்றிருந்தாள்.

எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்த அம்மாள் கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டினாள். இன்னும் ஒருமுறை தட்டிவிட்டு என் மனைவி திரும்பி வந்தாள்.

"தப்பு எம்மேலதான்" என்றேன் டாக்ஸியில்.

அவள் ஹால் டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "காரு பேசறதெல்லாம் உங்களுக்குக் கேக்குதுங்க. நான் பேசறதுதானுங்க கேக்கறதில்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு மாதம் கழித்து, ஜூன் வெயிலில், அவளே கார் ஓட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போனாள். நான் பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வெளியே வந்தவள் சாவியைத் திருப்புமுன் என்னைப் பார்த்தாள்.

"உறைநிலையைப் பத்தி ஒரு கேள்வி வந்துச்சுங்க."