இரண்டு அணிக்கு ஒரு கையுறை

என் மகள் இடக்கைக்காரி. சின்ன வயதில் வலக்கைக்கு மாற்றப் பார்த்தோம். சாப்பிடுவதற்கும் கோயிலில் பிரசாதம் வாங்குவதற்கும் மட்டும் மாறினாள். மெல்பேர்னுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் கிரான்பர்னில் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியோடு போய் பேஸ்போல் பழகத் தொடங்கினாள். அங்கே அந்த இடக்கையைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். “கிரிக்கெட் எண்டாலாவது நாலு பேருக்கு விளங்கச் சொல்லலாம்” என்று என் மனைவிக்குத்தான் குறை.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு மெல்பேர்னில் ஒரு போட்டி வைத்தார்கள். வெளிநாட்டு அணிகளும் வந்தன. எங்கள் மாநில அணியில் மகளும் இருந்தாள். ஜப்பான் அணிக்கு எதிராக அவள்தான் பந்து எறிவது என்று கோச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. அதற்காகக் குளிர்காலம் முழுக்க வீட்டுப் பின்வளவில் எறிந்து பழகினாள்.

“ஜப்பான் பிள்ளையளுக்கு எறிஞ்சாத்தான் அப்பா, நான் எப்பிடியெண்டு எனக்கே தெரியும்” என்றாள்.

போட்டிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் பூசப் போனால், “வேர்வையில கண்ணுக்குள்ள போகும் அப்பா” என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவள் சப்பாத்துப் போடுகிற நேரம் பார்த்து, கையுறையில் பந்து வந்து உட்காரும் குழியில் ஒரு சிட்டிகை தடவிவிட்டேன். காப்பாக இருக்கட்டும் என்றுதான்.

மைதானத்தில் ஜப்பான் பிள்ளைகள் வரிசையாக வந்து கோட்டோரம் நின்றார்கள். தொப்பியைக் கழற்றி, ஆளில்லாத அந்தப் புல்வெளிக்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்கள். அதைப் பார்த்து என் கையும் தானாகக் குவிந்தது.

முதலில் எங்கள் பிள்ளைகள் அடித்து முடித்தார்கள். மகள் எறியத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடுவர் கையைத் தூக்கி நிறுத்தினார். பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் தன் விரல்களைப் பார்த்தாள், கையுறைக்குள் பார்த்தாள், பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

“என்னப்பா செய்தனீங்கள்?” என்றாள் மனைவி.

“கொஞ்சந்தான் போட்டனான்.”

“எங்க?”

“கிளவுக்குள்ள.”

“கடவுளே! பந்தில ஒண்டும் பூசக் கூடாதெண்டு பிள்ளை எத்தினை தரம் சொன்னவள்!”

சொல்லியிருப்பாள். பூசினால் பந்து காற்றில் திசை மாறுமாம். அது கள்ளம், எறிந்தவரை வெளியே அனுப்பலாம். நான் இறங்கி ஓடினேன். கோயில் சாம்பல், நான்தான் போட்டேன், பிள்ளைக்குத் தெரியாது என்று எனக்கு வந்த இங்கிலீசில் சொன்னேன். நடுவர் பந்தைத் தொட்ட தன் விரலை முகர்ந்து பார்த்தார். நம்பினார். கையைக் கழுவட்டும், வேறு பந்து எடுக்கலாம், ஆனால் அந்தக் கையுறை இன்றைக்கு வேண்டாம் என்றார்.

இடக்கையால் எறிகிறவர்கள் கையுறையை வலக்கையில் போடவேண்டும். எங்கள் அணியில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. கோச் எறிவதற்கு இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டார். மகள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜப்பான் கோச் ஒரு சின்ன உருவப் பெண். என்ன நடந்தது என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டறிந்து, தன் பிள்ளைகளின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவர்களுக்குப் பந்து எறிகிற பிள்ளை எழும்பி ஓடி வந்தாள். அவளும் இடக்கை. தன் கையுறையைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“அப்ப அந்தப் பிள்ளை எதோட விளையாடுறது?” என்று மனைவி கேட்டாள். எனக்கும் பிறகுதான் விளங்கியது. எங்கள் பிள்ளை எறிகிற நேரம் அவர்கள் மட்டை பிடிப்பார்கள். அவள் எறிகிற நேரம் நாங்கள். ஒரு நேரத்தில் ஒருத்திக்குத்தான் அது வேண்டும்.

முதல் தரம் நாங்கள் எறிகிற முறை முடிந்ததும் மகள் கையுறையை நிலத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். மனைவி எழும்பி நின்று, “எடியே, நிலத்தில போடாதை, கையில குடு!” என்று கத்தினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது. அடுத்த தரம் மகள் நின்று, இரண்டு கையாலும் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் மாறியது. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். என்ன பாஷையில் என்று தெரியாது.

எனக்குக் கும்பிடுவதுதான் கஷ்டமாகிவிட்டது. “முருகா, வெல்ல வை” என்று தொடங்குவேன். அந்தப் பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு நிற்பாள். பாதியில் நின்றுவிடும். வேலைக்கும் வீட்டுக்கும் விசாவுக்கும் இவ்வளவு காலமும் எனக்குத் தா என்றே கேட்டு வந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தபோது கிடைக்காமல் போனவர் யார் என்று ஒருநாளும் கண்டதில்லை. இன்றைக்கு அந்த ஆள் முன்னால் நின்றாள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

கடைசி முறை. இரண்டு அணியும் சமன். இன்னும் ஒரு ஓட்டம் எடுத்தால் ஜப்பானுக்கு வெற்றி. மட்டையோடு வந்தவள் அதே பிள்ளைதான். அவளுடைய கையுறை என் மகளின் கையில்.

“கும்பிடுங்கோவன்!” என்றாள் மனைவி.

“யாருக்கு?”

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். மகள் எறிந்தாள். சத்தம் கேட்டபோதே தெரிந்துவிட்டது. பந்து எங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலால் போய்ப் புல்லில் விழுந்தது. அதற்குள் அவர்கள் அந்த ஒரு ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அப்பா” என்றாள் மகள் பின்னாலிருந்து. “கடைசிப் பந்து நான் நினைச்ச இடத்துக்குத்தான் போனது.”

“பிறகெப்பிடி அந்தப் பிள்ளை அடிச்சவள்?”

“அவள் கெட்டிக்காரி.” முன்னுக்குச் சாய்ந்து, “முழு மட்சும் நான்தான் எறிஞ்சனான், என்ன?” என்றாள்.

“ஓம்” என்றேன். “நீதான் எறிஞ்சனீ.”