அண்ணா கழுவிய ரயில்கள்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் கைகளுக்கு வந்திருக்க வேண்டிய நினைவு மலர் இது. ஓராண்டு பிந்தி, அண்ணாவின் முதலாவது ஆண்டுத் திவசத்தில் வருகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் அச்சகத்தில் சுணக்கம் என்று சொன்னேன். அச்சகத்தில் ஒரு சுணக்கமும் இருக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்திருந்த கட்டுரையில் ஒரு பொய் இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி எழுதும் துணிவு எனக்கு வரவில்லை.

அண்ணா கொடிகாமத்தில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பதினொரு வயது வித்தியாசம். ஐயா காலமானபோது அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலைக்குப் போனார். என்னைப் படிப்பித்தவர் அவரே. பிறகு, இளைஞர்கள் ஊரில் இருக்க முடியாமற்போன காலத்தில் யப்பானுக்குப் போனார். ரோக்கியோவுக்கு வெளியே, மின்சார ரயில்கள் வந்து தரிக்கும் ஒரு பணிமனையில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் அந்த வேலையைத்தான் செய்தார்.

மேலேயுள்ள வசனத்தை எழுதத்தான் எனக்கு ஓராண்டு எடுத்தது.

அண்ணா தமது கடிதங்களில் "ரயில்வேயில் வேலை" என்று மட்டும் எழுதுவார். அவருக்கு முன்பே நான் வந்து சேர்ந்திருந்த ரொறொன்ரோவில் எனக்குக் கலியாணம் பேசிய நாளில், தமையனார் என்ன செய்கிறார் என்று என் கணவரின் தாயார், மாமி, கேட்டார். "யப்பானில் ரயில்வே எஞ்சினியர்" என்றேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகவே சொன்னேன்.

தொண்ணூற்றிரண்டில் அண்ணா அகதியாக இங்கே வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அவரைக் கட்டிப்பிடித்து அழுது முடிய நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அண்ணா, இவையளுக்கு நான் உங்களை எஞ்சினியர் எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் சிரித்தார். "ஏன் தங்கச்சி, கழுவினாலும் அது ரயில்தானே?" என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி, சரி. நான் வாய் திறக்கமாட்டன்."

அவரது பெட்டியில் உடுப்புகளை விடக் கூடுதலாகக் கொப்பிகள் இருந்தன. அவற்றில் ஒரு ரயில் வகையின் வரலாறு முழுவதையும் எழுதி வைத்திருந்தார். நூற்றுமூன்று என்று எண்ணிட்ட வகை அது. அறுபதுகளில் ஓடத் தொடங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளாகப் பெருகி, வேலைக்குப் போகும் சனங்களை நாள்தோறும் நெருக்கி ஏற்றிச் சென்றது. ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு நிறம். நகரைச் சுற்றி வரும் வட்டப் பாதைக்கு இளம்பச்சை, வடக்குத் தெற்காக ஓடுவதற்கு வான்நீலம், இன்னொன்றுக்கு மஞ்சள். அவசரத்தில் ஓடிவருபவர் நிறத்தைப் பார்த்தே தமது ரயிலை அறிந்துகொள்வார். ஆரம்பகாலப் பெட்டிகளில் குளிரூட்டி இல்லை. பலவற்றுக்குப் பின்னாளில் கூரையில் பொருத்தினார்கள். புதிய வகைகள் வந்ததும் இவற்றைத் தூக்கி எறியவில்லை. வேறு நிறம் பூசி வேறு பாதைக்கு அனுப்பினார்கள்.

அண்ணா இதையெல்லாம் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அது கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும் சிறு தகடு ஒன்று உண்டு. அதைத் துடைக்கும்போது பார்த்துக் குறித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கொப்பியோடு வந்தார்.

"தங்கச்சி, இதைக் கேளன். கதவு ஓரத்திலை நீலப் பெயின்ற் கொஞ்சம் உரிஞ்சிருந்தது. பார்த்தா அடியிலை பச்சை. அப்ப அது முந்தி வட்டப் பாதையிலை ஓடினது. பெட்டியே தன்ர கதையைச் சொல்லுது பார்."

"அண்ணா, உந்தக் கழுவின கதையளை ஆக்கள் வந்தா எடுக்காதேங்கோ" என்றேன்.

அவர் கொப்பியை மூடினார். அதன் பிறகு என்னிடம் ரயிலைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த ஆண்டு என் கணவரின் தமையனார், நாங்கள் பெரியத்தான் என்று அழைப்பவர், தாம் வேலை செய்த மிசிசாகா ஃபக்டரியில் அண்ணாவுக்கு ஓர் இன்டர்வியூ ஒழுங்குசெய்தார். ரயில் உதிரிப்பாகங்கள் செய்யும் இடம். எஞ்சினியர் வேலை. போகமாட்டேன் என்று அண்ணா மன்றாடினார். போகாவிட்டால் என் மானம் போய்விடும் என்று நான் அழுதேன். கடைசியில் என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு பெரியத்தானின் காரில் ஏறிப் போனார். பின்னேரம் வந்து, "கிடைச்சிட்டுது தங்கச்சி" என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

நாலு ஆண்டுகள் கேட்கவில்லை. வேலையால் வரும்போது அவரது கைகள் மருந்துத் தண்ணீரில் வெடித்திருக்கும். சப்பாத்தில் சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். கேட்டால் அவர் பொய் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. மாறாக, மாமி வீட்டு விருந்துகளில், "அண்ணா செக் பண்ணாமல் அங்கை ஒரு சாமானும் வெளியிலை போகாது" என்று பெருமை பேசினேன். பெரியத்தான் தமது சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

பிறகு அண்ணாவுக்கு ஈரலில் புற்றுநோய் கண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அவரது தலையணையைச் சரிசெய்துகொண்டே, உங்கள் அண்ணன் என்ன வேலை பார்த்தவர் என்று என்னிடம் கேட்டார். எஞ்சினியர் என்றேன். அந்தத் தாதியை எனக்கு முன்பின் தெரியாது. அவரிடம் பொய் சொல்ல ஒரு தேவையும் இருக்கவில்லை. தாதி போனபின் அண்ணா மெல்லக் கேட்டார்:

"தங்கச்சி, உனக்குக் களைக்கேல்லையா?"

நான் அவருக்குத் தண்ணீர் பருக்கினேன். ஐந்தாம் நாள் அண்ணா இறைவனடி சேர்ந்தார். பத்திரிகையில் நான் கொடுத்த மரண அறிவித்தலிலும் அதே சொல்தான் இருந்தது.

அந்தியேட்டிக்கு ஒரு கிழமை இருக்க, மலரின் அச்சுப்பிரதியை வாசிக்கக் கொடுத்திருந்தேன். பெரியத்தான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, உந்த எஞ்சினியர் எண்ட சொல்லை எடுத்துப்போடுங்கோ. அண்ணை எங்கட ஃபக்டரியிலை கூட்டித் துடைச்சவர். நான் அவரோடை இருந்துதான் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டனான்."

நான் அச்சுப்பிரதியை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவரே தொடர்ந்தார்.

"இன்டர்வியூவிலை நானும் கூட இருந்தனான். யப்பானிலை என்ன செய்தனீங்கள் எண்டு மனேச்சர் கேட்டவர். நான் எஞ்சினியர் இல்லை, ரயில் கழுவினனான் எண்டு அண்ணை நேரை சொல்லிப்போட்டார். மனேச்சர் சிரிக்கேல்லை. என்ன ரயில் எண்டு கேட்டார். அண்ணை தனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை முக்கால் மணித்தியாலம் கதைச்சார். கதவு ஓடுற தவாளிப்பிலை ஊத்தை எப்பிடிச் சேரும், அதாலை கதவு எப்பிடி இறுகும் எண்டெல்லாம். துப்புரவு வேலைதான் இருக்கு, வாறீங்களோ எண்டு மனேச்சர் மரியாதையாக் கேட்டார். காருக்குள்ளை வந்து என்ர கையைப் பிடிச்சு, 'தங்கச்சிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, அவ வெக்கப்படுவா' எண்டார்."

அண்ணாவை நினைத்து அழ வேண்டிய அந்த நேரத்திலும் என் வாயில் முதலில் வந்தது, "மாமிக்குத் தெரியுமோ?" என்ற கேள்வி.

"அம்மாவுக்கு அண்டைக்கே தெரியும். அந்தப் பிள்ளை தானாச் சொல்லுமட்டும் ஒருத்தரும் கேக்கக் கூடாது எண்டு அம்மா எல்லாருக்கும் சொல்லி வைச்சவ."

விருந்துகளில் நான் பெருமை பேசியபோதெல்லாம் அந்த மேசையில் இருந்த அனைவரும் அறிந்தே இருந்திருக்கிறார்கள். நான் மட்டுமே அறியாதவள்போல இருந்திருக்கிறேன்.

பெரியத்தான் போனபின் அண்ணாவின் கொப்பிகளை முதன்முறையாகத் திறந்தேன். ஒவ்வொரு பெட்டியின் எண், கட்டிய ஆண்டு, முன்னைய நிறம், பின்னைய நிறம். அவற்றின் கீழே, "இன்று கழுவினேன்." பக்கம் பக்கமாக அப்படித்தான். அவர் இங்கு வந்தபின் எழுதிய பக்கங்களும் இருந்தன. யப்பானில் அவரோடு வேலை செய்த ஒருவர் புத்தாண்டு அட்டைகளில் எழுதிய செய்திகள் அவை. வான்நீலப் பாதைக்குப் பூச்சே இல்லாத எஃகுப் பெட்டிகள் வந்துவிட்டன, பழையவை ஒவ்வொன்றாக விலகுகின்றன, சில வேறு ஊர்களுக்குப் போய் இன்னமும் ஓடுகின்றன. அந்தப் பக்கங்களை இந்த மலரின் பிற்பகுதியில் அவரது கையெழுத்திலேயே அச்சிட்டிருக்கிறேன். அண்ணா வெட்கப்படும்படியான ஒரு வரியும் அவற்றில் இல்லை.

அண்ணாவைப் பராமரித்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், ஈமைக்கிரியைகளில் தோள் கொடுத்த உற்றார் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவ்வளவு காலமும் என்னைப் பொறுத்துக்கொண்ட மாமிக்கும் பெரியத்தானுக்கும் எவ்வாறு நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். இறுதிக் கிரியையன்று ஃபக்டரியிலிருந்து வேலை உடுப்போடு, மலர்வளையத்தோடு வந்தார்கள். நான் அவர்களைப் பின்வரிசையில் இருத்தினேன். ஒருவருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. அவர்கள் பேசிவிடுவார்களோ என்ற பயத்தில், நன்றிகூடச் சொல்லாமல் அனுப்பிவைத்தேன். அவர்களால் தமிழ் வாசிக்க முடியாது என்பதால் பெரியத்தானோடு போய் ஒவ்வொருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன். திவசத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் ஆறு கதிரைகள் போட்டிருக்கிறேன். உறவினர்கள் தயவுசெய்து அவற்றில் இருக்க வேண்டாம்.