பாறைமேல் சிவப்புத் துண்டு

மேட்டூர் அணை வருவதற்கு முன் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பள்ளிபாளையத்துக்குக் கீழே, காவிரிப் படுகையில் எங்கள் மண்வீடு. மேட்டு நிலமெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு. கூலிக்குப் போகிற எங்களுக்கு ஆறு விட்டுவைத்த இடம்தான்.

கணவர் ஊர் நேர் எதிரே, அக்கரையில். பிரித்து வைத்தால் சும்மா இருந்துவிடுவோமா? தினமும் காலையில் அவர் அக்கரைப் பாறைமேல் சிவப்புத் துண்டை விரிப்பார். நான் இக்கரை வேலியில் மஞ்சள் சேலையைக் காயப்போடுவேன். முகம் தெரியாத தூரம். ஆனாலும் அந்தத் துண்டைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

குடகில் விடாத மழை என்றார்கள். செந்நீர் பொங்கி வந்தபோது ஊரே சந்தோஷமாகத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டது. ஆடியில் புதுத்தண்ணீரைக் கண்டு யார் பயப்படுவார்கள்? மறுநாள் காலையில் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். நான் முன்னால் போய்விட்டேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நானோ இடுப்பளவு தண்ணீரில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாறையையே காணோம், துண்டு எங்கே தெரியும்?

பரிசலில் வந்த யாரோ ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனம்மிணி, சாகோணும்னு வேண்டுதலா? ஏறு!"

"அக்கரையில அவரு இருக்காருங்க. துண்டு தெரியலீங்க" என்று அழுதேன்.

"அவரு தேடி வாரப்ப நீ இருக்கோணுமல்ல சாமி?"

ஏறிவிட்டேன். என்னை மேட்டில் இறக்கிவிட்டு, மற்றவர்களை ஏற்றிவர உடனே திரும்பிவிட்டார்.

ஒரு பண்ணைக்காரர் மாட்டுக்கொட்டகையைத் திறந்துவிட்டுக் கம்பங்கூழ் ஊற்றினார். துண்டைக் காணாமல் எனக்கு அது இறங்கவில்லை. எங்கள் வீடு கரைந்தே போயிருந்தது. ஐந்தாம் நாள் பாறை தலைகாட்டியது. அதற்கு மறுநாள் அதன்மேல் சிவப்பு! பைத்தியம்போல அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆடி கழிந்ததும் கணவரைக் கூட்டிக்கொண்டு பரிசல்துறை ஒன்றுவிடாமல் போனேன். "இவருதானுங்க" என்று அந்த மனிதரிடம் காட்ட வேண்டும் என்று அத்தனை ஆசை. "ஆள் எப்படி இருப்பாருங்க?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரிசலில் இருந்த நேரமெல்லாம் நான் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று போய்த் திரும்பாத பரிசல்களும் உண்டு என்றார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆடி வந்து போய்விட்டது. இன்றும் ஆற்றில் பரிசலைக் கண்டால் நின்றுவிடுகிறேன். பக்கத்திலிருந்து துடுப்புப் போட்டவரின் முகத்தை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று மனசு ஏங்குகிறது.