கொட்டாங்குச்சி இஞ்சின்

பொழிச்சலூரில் எங்கள் மாடித் தொட்டிக்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் கொட்டாங்குச்சிதான் தண்ணீர் ஏற்றியது. அத்தையின் வேலை அது. அப்பாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவந்தாள். கரும்புச்சாறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்ரோல் இஞ்சினை வாங்கிவந்து, ஸ்கூட்டர் ஷெட்டில் ஒரு தண்ணீர் பம்போடு பூட்டி வைத்தாள். பக்கத்தில் ஓர் இரும்பு டிரம். அதில் கொட்டாங்குச்சியை அரைகுறையாக எரியவிட்டு, வரும் வாயுவை வடிகட்டிக் கொடுத்தால் பெட்ரோலே வேண்டாமாம்.

"அடுப்புப் புகையில இஞ்சின் ஓடுமா?" என்று அப்பா சிரித்தார். நாத்தனார் தெருவெல்லாம் கொட்டாங்குச்சி கேட்டுக்கொண்டு திரிவதில் அம்மாவுக்குத்தான் மானம் போயிற்று.

அந்த வருஷம் விடாமல் மழை. கரண்ட் போய் இரண்டாம் நாள் தொட்டி வறண்டதும், "ஓட்டித்தான் பாரேன்" என்று அம்மாவே சொன்னாள். சாரல் படாமலிருக்க அத்தை ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இஞ்சினைக் கிளப்பினாள். அது இருமியது, நின்றது, பிறகு ஓடியது. மாடியிலிருந்து அப்பா "தண்ணி வருது! தண்ணி வருது!" என்று கத்தினார். தொட்டி நிறைந்ததும் அத்தை இஞ்சினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினாள். ஷெட்டில் கூடவே நின்ற நானும் பின்னால் வருகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

நான் போகவில்லை. டிரம் இன்னும் கதகதப்பாக இருந்தது. கோணிமேல் உட்கார்ந்தேன். தலை லேசாக வலித்தது. பிறகு நல்ல தூக்கம் வந்தது.

விழித்தபோது முகத்தில் மழை. அம்மா என்னை வாசலில் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் யாருடா? சொல்லுடா!" என்று அத்தை என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அத்தை" என்றேன். சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"காலைல ஒண்ணும் சாப்பிடல, அதான் மயக்கம்" என்றாள் அம்மா.

"இல்ல அண்ணி. டிரம்லேர்ந்து கசிஞ்ச வாயு. ஷட்டரை இறக்கினது நான்தான்."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்கில் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் திரும்பினோம். மறுநாளே இஞ்சினும் டிரம்மும் பின்பக்கத்து வெட்டவெளிக்குப் போயின. அத்தைதான் ஓட்டினாள், அம்மா அந்தத் தண்ணீரைப் பேசாமல் பிடித்துக்கொண்டாள். என்னை யாரும் திட்டாததுதான் எனக்கு ஆச்சரியம்.

அதன்பின் மதியங்களில் நான் தூங்கினால் அத்தை வந்து என் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொள்வேன். பதறிப்போய் அவள் என்னை உலுக்கும்போது, ஜெயித்துவிட்டதாக விழுந்து விழுந்து சிரிப்பேன்.