காசியின் வலது கண்

காசிக்கு நான் ஒரு காலத்தில் ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். தொண்ணூற்றாறில் ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டை வாடகைக்கு எடுத்தபோது, தன் பொண்டாட்டி கம்மலை அடகு வைத்துக் கொடுத்தான். ஒரே வருஷத்தில் திருப்பிவிட்டேன். நான் படித்தது அஞ்சாவது. இன்று என்னிடம் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். இதைச் சொல்ல நான் எங்கேயும் கூச்சப்பட்டதில்லை.

ஆனால் என் சரக்குக்குப் பெயர் வாங்கித் தந்தது காசியின் கண். விரிஞ்சிபுரத்திலிருந்து இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் வந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல் எல்லாம் பார்த்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று சாக்பீஸால் எழுதுவான். அவன் எழுதிய தோல் ஒன்றுகூட வாங்கினவர்களிடமிருந்து திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, நெற்றியில் வலது பக்கம் மட்டும் நெருப்பு பட்ட மாதிரி எரிகிறது என்றான். மறுநாள் கொத்தாகக் கொப்புளம். மூக்கு நுனியிலும் ஒன்று.

"ஆட்டுத் தோல்ல இருந்து ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டான்.

"இன்னாடா பேசற, இது அக்கி. எனக்கு முதுகுல வந்துச்சே. மூணு நாள் காவி மண்ணுல எழுதிக்கிட்டேன், ஓடியே போய்ட்டுது."

அவன் மனைவி சுந்தரி, "கண்ணு கிட்ட இருக்குதுண்ணா, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு..." என்று இழுத்தாள்.

"ஊசியப் போட்டு உள்ளயே அமுக்கிடுவானுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

என் காரிலேயே கணியம்பாடிப் பக்கம் பானை செய்கிறவரிடம் கூட்டிப்போனேன். எனக்கு எழுதியவர் அவர்தான். காவி மண்ணைக் குழைத்தவர், காசி முகத்தைப் பார்த்துக் கோழி இறகைக் கீழே வைத்தார். "மூக்குல வேற கீது. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்."

"நீ எழுதுய்யா. நான் சொல்றேன்ல."

எழுதினார். நெற்றியில் சிங்கமும் வரைந்தார். மூன்று நாள் போனோம். சனிக்கிழமை காலையில் கண் வீங்கி மூடிக்கொண்டது. இமையைப் பிரித்தால் எல்லாம் புகையாகத் தெரிகிறது என்றான். வேலூருக்கு ஓடினோம்.

கண் டாக்டரம்மா சின்ன வயசுதான். "சின்னப் பிள்ளைல சின்னம்மை வந்துச்சா?" என்று காசியைக் கேட்டார்.

"எட்டு வயசுல. வேப்பிலைல படுக்க வெச்சாங்க."

"அந்தக் கிருமி போகவே இல்ல. நரம்புல அம்பது வருஷம் தூங்கிட்டு இருந்து இப்ப எழுந்துருக்கு. ஹெர்பிஸ் குடும்பம். உதட்டு ஓரத்துல கொப்புளம் வருமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்."

"தோல்ல இருந்து வந்தது இல்லியா?"

"ஆட்டுல இருந்து வர்ற அம்மை வேற குடும்பம், பெரியம்மையோட சொந்தம். அது கைல வரும், பெரும்பாலும் தானாப் போயிடும். பெரியம்மைய ஊசி போட்டே ஒழிச்சாச்சு. இது அப்படி இல்ல, உள்ள ஒளிஞ்சிக்கும். மூக்கு நுனில வந்தாலே கண்ணுக்கும் இறங்கலாம்னு பயப்படணும். கொப்புளம் வந்து மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா..."

"எனக்கு எழுதித்தானே போச்சு?" என்றேன்.

"எழுதாம இருந்தாலும் போயிருக்கும் ஐயா."

"எவ்ளோ செலவானாலும் நான் குடுக்கறேன் டாக்டரம்மா."

"இப்ப கொறச்சல் காசு இல்லைங்க ஐயா. நாள்தான்."

சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

மாத்திரை, சொட்டு மருந்து என்று நாலு மாசம் ஓடியது. கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் போகவில்லை. கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. ஆவணியில் வேலைக்கு வந்தான். ஒற்றைக் கண்ணால் பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான், எழுதினான். பதினைந்தாம் நாள் சரக்கு திரும்பி வந்தது. அவனுக்குத் தெரியாமல் பின்பக்கம் இறக்கச் சொன்னேன். எப்படியோ தெரிந்துவிட்டது.

"எத்தன வந்துச்சு?"

"கம்மிதான்."

"எத்தன அருணகிரி?"

"இருநூத்திப் பத்து."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "கணக்க முடிச்சுடு."

"கேட்ல உக்காருடா. சம்பளம் அதேதான்."

"ஏன், கேட்டுக்குக் கண்ணு வேணாமா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திட்டவில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. அதற்கு மேல் அறுபதாயிரம் வைத்தேன். அதைத் தனியாக எடுத்து மேஜையிலேயே வைத்துவிட்டுக் கையை நீட்டினான். நோட்டு இடது கண்ணுக்குத் தெரிவதற்காகத் தலையை வலது பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வாய்விட்டு எண்ணி, கட்டுக் கட்டாக அவன் விரித்த கையில் வைத்தேன்.