தங்கவயலில் சோப்பு காய்ச்சிய கதை

கோலார் தங்கவயலுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் சுரங்கத்தைப் பார்க்கப் போவார்கள். நான் போனது சோப்பு காய்ச்சக் கற்றுக்கொடுக்க. 1969 மே மாதம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மெட்ராஸில் சிறுதொழில் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை. வேதியியல் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, "வறண்ட பகுதி இளைஞர்களைத் தொழில்முனைவோர் ஆக்குவது" என்று தலைப்புப் போட்ட ஒரு ஃபைலை என் தலையில் கட்டினார்கள். கட்டியவர்களில் ஒருவர்கூட அந்த ஊரைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

காலை ஏழரைக்கு சென்ட்ரலில் வண்டி. மூன்றாம் வகுப்பு, எட்டு ரூபாய் சொச்சம். பன்னிரண்டே காலுக்கு பங்காருப்பேட்டையில் இறங்கி, ஒரு மணிக்குக் கிளம்பும் சின்ன வண்டியில் ஏற வேண்டும். அங்கிருந்து மாரிக்குப்பம் வரை மொத்தமே பதினாறு கிலோமீட்டர்தான். நான் உரிகத்தில் இறங்கினேன், நாற்பது பைசா டிக்கெட். (இந்த விலையை நம்பி இன்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காவில் ஏறியதும் வாயைப் பிளந்துவிட்டேன். ஊருக்கு நடுவில் வெள்ளையாக மலை மலையாக மணல். ஒரு புல் பூண்டு கிடையாது. காற்று அடித்தால் அதிலிருந்து புகை மாதிரி தூசி எழும்பி வீடுகளின் மேல் இறங்கியது. மைசூர் மாநிலத்தில் பாலைவனம் இருப்பதாக எந்தப் பூகோளப் புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை.

"இன்னாம்மா அப்டி பாக்கறீங்க? அது மலையில்ல. சயனைடு மேடு," என்றார் ஜட்காக்காரர். "கல்ல அரைச்சி தங்கம் எடுத்துட்டு மிச்சத்த இங்க கொட்டிக்கீறாங்க. மே மாசம் காத்துல வெள்ளை வேட்டி கட்னா மத்தியானத்துல சாம்பல் வேட்டி ஆயிடும். நீங்க வெள்ளைப் பொடவைல வந்துகிறீங்க, பாவம்."

ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல், எழுபத்தைந்து பைசா. போய்ச் சேர்வதற்குள் என் புடவை அவர் சொன்ன நிறத்துக்கு வந்துவிட்டது. சரியான தொழிலைத்தான் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு இருக்கும். அந்த வரிசைகளை 'லைன்' என்பார்கள். ஸ்கெலட்டன் என்ற பகுதியில் ஒரு லைன் ஓரமாக இருந்த வாசகசாலைதான் எங்கள் வகுப்பு. நான்கு பெண்கள், இரண்டு பையன்கள், எல்லாருக்கும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது. அதில் கோவிந்தன் என்று ஒருவன், வாயாடி. முதல் நாளே, "டீச்சர், உங்க ஊர்ல சோப்ப சாப்புடுவாங்களா? அதப்பத்தி இவ்ளோ பாசமா பேசறீங்களே," என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

இன்னொருத்தி மல்லிகா, பத்தொன்பது வயது. அவள் சிரிக்கவே மாட்டாள். ஏன் என்று இரண்டாம் நாள் தெரிந்தது. அவளுடைய அப்பாவுக்குச் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய் 'அன்ஃபிட்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் இருந்திருந்தால் அந்த வேலை மகனுக்குப் போயிருக்கும், வீடும் தங்கியிருக்கும். இவள் ஒரே மகள். ஜூலை முடிவதற்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகை கொடுக்க ஒரு வருமானம் அமையாவிட்டால், வட ஆற்காட்டில் முகம் தெரியாத சொந்தக்காரர்களிடம் போய் நிற்க வேண்டியதுதான். "அப்பா பொறந்ததே இங்கதான் டீச்சர். அங்க போயி இன்னா பண்ணுவாரு?" என்றாள்.

திங்கட்கிழமை மல்லிகாவும் நானும் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்கு நடந்தோம். அங்கே மளிகை வைத்திருந்த கன்னையா செட்டியார் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சனிக்கிழம அறுபது கட்டி கொண்டாங்க. பாத்துட்டு சொல்றேன். நல்லாயில்லன்னா மூஞ்சுக்கு நேரா சொல்லிடுவேன், அப்பறம் அழப்படாது," என்றார். மல்லிகா திரும்பி வரும் வழி முழுக்க அறுபது, அறுபது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அச்சில் ஊற்றினால் இறுக மூன்று நாள் ஆகும் என்பதால், புதன்கிழமையே மதியம் ஒரு மணிக்கு இரும்புக் கொப்பரையில் புங்க எண்ணெயை ஊற்றி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை நூல் போல விட்டுக் கிளற ஆரம்பித்தார்கள். புங்க எண்ணெய் லேசில் இறுகாது. மூன்று மணி நேரமாவது துடுப்பை நிறுத்தாமல் கிளற வேண்டும். ஆள் மாற்றி ஆள் அருமையாகக் கிளறினார்கள். அந்த அழகைப் பார்த்துவிட்டு, சுற்றும் காகிதம் வாங்கி வரலாம் என்று இரண்டேகாலுக்கு நான் கடைத்தெருவுக்குப் போனேன். புத்தி கெட்டவள்.

நாலு மணிக்குத் திரும்பினால் வாசகசாலையில் ஈ காக்கை இல்லை. தரை பெருக்கி இருந்தது. துடுப்பைக் கழுவி, கொப்பரையின் மேல் குறுக்கே வைத்திருந்தார்கள். உள்ளே எண்ணெய் மேலே, காஸ்டிக் தண்ணீர் கீழே என்று பிரிந்து கிடந்தது. கையை வைத்தால் தோல் உரிந்துவிடும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே மல்லிகா வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று கத்தினேன். "பாதியில் போட்டுவிட்டு எப்படி வர மனசு வந்தது? உன் வீடு போகப் போகிறது, ஞாபகம் இருக்கா?"

அவள் நிஜமாகவே விழித்தாள். "மூணு மணிக்கு மைன்ல சங்கு ஊதிச்சே டீச்சர். ஷிஃப்ட்டு முடிஞ்சிச்சி. அடுத்த ஷிஃப்ட்டு ஆளுங்க வந்து பாப்பாங்கன்னு..."

"எந்த ஆளுங்க?"

அப்படி யாருமே இல்லை என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது.

உள்ளே கட்டிலில் இருந்த அவள் அப்பா இருமிக்கொண்டே எழுந்து வந்தார். "அவள ஏசாதம்மா. தப்பு என்னுது. சங்கு ஊதினா கைல கீறத அப்டியே போட்டுட்டு மேல வந்துடணும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இந்த லைன்ல எல்லா அப்பனும் அதான் சொல்லுவான். ஷிஃப்ட்டு முடிஞ்சதும் கீழ வெடி வெப்பாங்க. ஒரு நிமிஷம் அதிகமா நின்னவன் வீட்டுக்கு வரல. எங்கூட இருந்தவங்கள்ல ரெண்டு பேரு வரல."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆறு பேருக்கும் எண்ணெய் அளவு சொன்னேன், காஸ்டிக் அளவு சொன்னேன். சொந்தத் தொழிலில் நமக்குப் பின்னால் வந்து எடுத்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம். அவர்களுக்கோ, சங்கு ஊதியும் ஓர் இடத்தில் நிற்பது உயிரை விடுவதற்குச் சமம்.

"இன்னும் கெட்டுப்போகவில்லை," என்றேன். "தண்ணீர் சேர்த்து அடுப்பில் ஏற்றிக் கிளறினால் சேரும். அழகாக வராது, ஆனால் வரும்." மல்லிகா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கோவிந்தன் மற்றவர்களைக் கூட்டி வந்தான். விறகு அடுப்பு, புகை, கண்ணெரிச்சல். ஏழரை மணிக்கு அது கூழ் பதத்துக்கு வந்தபோது எல்லாரும் சேர்ந்து ஒரு கூச்சல் போட்டோம் பாருங்கள், பக்கத்து லைனிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அச்சிலிருந்து எடுத்தால் பழுப்பாக, மேலெல்லாம் குழி. செட்டியார் ஒன்றைக் கையில் எடுத்து, "இன்னாது, கருவாட்டுத் துண்டு மாதிரி கீது?" என்றார். நான் சமாளிக்க வாயெடுப்பதற்குள் மல்லிகா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். பாதியில் போட்டுவிட்டுப் போனது, மறுபடி காய்ச்சியது, எல்லாம். எனக்கு அவள் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

செட்டியார் தோளில் கிடந்த துண்டை அவளிடம் நீட்டினார். கடை வாசல் குழாயடியில் அவள் தேய்த்தாள். நுரை நன்றாகவே வந்தது. துண்டின் உண்மையான நிறம் பச்சை என்று அன்றுதான் அவருக்கே தெரிந்திருக்கும். "வாரா வாரம் சனிக்கிழம அறுபது கட்டி," என்றார். "ஒரு வாரம் தவறிச்சின்னா வேற ஆளு பாத்துக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

இப்போது அங்கே போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர், மாரிக்குப்பம் வரை நேர் ரயிலே இருக்கிறது. சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். சயனைடு மேடு இருக்கிறது, தூசியும் இருக்கிறது, மூக்கைக் கட்ட ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடுத்தாதீர்கள். யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் வீட்டுக்கு முதல் நாளே போய்ப் பேசுங்கள், என்னைப் போல ஆறாம் நாள் கத்தப் போகாதீர்கள்.

நான் ஊர் திரும்பியது அடுத்த புதன்கிழமை. உரிகத்தில் மூன்றேகாலுக்கு வண்டி. எல்லாரும் வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. பிளாட்பாரத்தில் வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. முதலில் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வண்டி நகர்ந்த பிறகுதான் அன்று என்ன கிழமை என்று உறைத்தது. எதிர் சீட்டில் இருந்தவர் பயந்துபோகும் அளவுக்கு, நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஆகஸ்டில் மல்லிகாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் முகவரியில் லைன் வீட்டு எண் இல்லை. தங்கவயலிலேயே, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தெருப்பெயர் இருந்தது. ஸ்டேஷனுக்கு வராததற்கு மன்னிப்பு, அது இது என்று ஒரு வரி கிடையாது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகவும், கோவிந்தன் சைக்கிளில் கடை கடையாகப் போய் வாயடித்து விற்பதாகவும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "டீச்சர், எப்ப வேணாலும் நேரா நம்ம வீட்டுக்கு வாங்க. புதன்கிழமை மட்டும் வராதீங்க. பேச நேரம் இருக்காது."