மரம் என்று குறிக்கப்பட்ட தெரு

துறையின் சேர்க்கைக் கையேட்டில், பழைய மாணவர்கள் பக்கத்தில், அவள் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது: 'புவியியல் தகவல் அமைப்பில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். நகரத் திட்டமிடலுக்கு நுட்பமான தீர்வுகள் வழங்கும் வல்லுநர்.'

வல்லுநரின் வேலை, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளைச் சுற்றி மவுசால் கோடு இழுப்பது. ஒரு நாளைக்கு நானூறு கூரை. கூரைக்கு ஒரு நிறம், மரத்துக்கு வேறு நிறம். சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'களத்தில் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் களத்துக்குப் போவது என்றால், சுழல் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்து மேசைக்காரியிடம், "இது மரம்தானே?" என்று கேட்பது. "மரம் மாதிரிதான் இருக்கு" என்பாள் அவள். சரிபார்த்தாயிற்று.

ஒரு மதியம் சித்தி போன் செய்தாள்.

"ஏம்மா, நீ மேப்புக்குத்தானே படிச்சே?"

"ஆமா சித்தி."

"புதுசா தண்ணிக் குழாய் போடறாங்க. எங்க தெருவுக்கு மட்டும் கிடையாதாம். மேப்புல வீடே இல்ல, வெறும் மரம்தான் இருக்குன்னு நகராட்சியில சொல்றாங்க. அப்ப நாங்க என்ன, கிளையிலயா குடியிருக்கோம்? எவனோ தூங்கிக்கிட்டே வரைஞ்சிருக்கான். உன் படம் போட்ட புத்தகத்தைத் தெரு பூரா காட்டியிருக்கேன், நீ பாத்துக்குவேன்னு."

அலுவலகக் கணினியில் அந்தத் தெருவைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. வரைந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்திலும் அவள் பெயர்தான். பள்ளி விடுமுறைதோறும் போய்த் தின்று தூங்கிய தெரு. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். மேலேயிருந்து பார்த்தபோது பச்சைத் திட்டாகத்தான் தெரிந்தது. இரண்டு வருட மேற்படிப்பில் மேலேயிருந்து பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காது மடல் சுட்டது. அன்று முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மேலாளரிடம் சொன்னாள். அவர் தாராள மனசுக்காரர்.

"விடும்மா. ஃபைலை நான் சத்தமில்லாம மாத்திடறேன்."

"மாத்தினா குழாய் வருமா சார்?"

"வராது. பிளான் நகராட்சிக்குப் போயாச்சு. அதைத் திருத்தணும்னா, நேர்ல போகாமலே டிக் அடிச்சேன்னு நீ எழுதிக் கொடுக்கணும். எழுதினா அடுத்த புராஜெக்ட்ல உனக்கு இடம் இருக்காது."

இடம் குறிக்கும் கருவியோடு பேருந்து ஏறினாள். தெருமுனையிலேயே சித்தி, இரண்டு தெரு தாண்டிப் பிடித்த குடத்தோடு எதிரே வந்தாள்.

"பாரேன், தப்பு பண்ணவன் ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பான். நீ வெயில்ல அலையறே."

"சித்தி, அது நான்தான்."

சித்தி குடத்தை இறக்கினாள்.

"தெரு பூரா காட்டின புத்தகத்தை இனிமே ஒளிக்கவா முடியும்," என்றாள். "முதல்ல தண்ணி குடி."

சுமந்து வந்த தண்ணீர். குடித்தாள்.

அந்தத் தெருவில் நாற்பத்தொரு வாசலிலும் நின்று இடம் குறித்தாள். நேரில் போகாமல் டிக் அடித்ததாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நகராட்சியில் கொடுத்தாள்.